பழைய நாடகம், போர்க்கவிதை, இன்றைய மாணவர்: மூன்று பாடவேளையில் இணைப்பது எப்படி?

'இந்தக் கதாநாயகன் இன்று இருந்தால் வாட்ஸப்பில் என்ன ஸ்டேட்டஸ் வைப்பான்?' பழைய இலக்கியத்தை இன்றைய வாழ்க்கையோடு இணைக்கச் சொன்னால் பல வகுப்புகளில் இந்த மாதிரிக் கேள்விதான் வருகிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், மணி அடிக்கும், நாடகம் அங்கேயே நின்றுபோகும். புதிதாகப் பாடம் நடத்த வருபவர்களுக்கு நான் சொல்வது வேறொரு கேள்வி: இந்த ஆளை இந்த முடிவுக்குத் தள்ளியது யாருடைய பேச்சு? இதை ஒரு கிரேக்க நாடகத்திலும் இரண்டு போர்க்கவிதைகளிலும் எப்படிக் கேட்பது என்று பார்க்கலாம்.

படி 1: கொஞ்சமாக எடுங்கள்

முழு நாடகம் வேண்டாம். சோஃபோக்ளீஸின் 'ஃபிலாக்டெட்டிஸ்' நாடகத்தில் தொடக்கக் காட்சியும், வில் கைமாறும் காட்சியும் போதும். கூடவே வில்ஃப்ரெட் ஓவனின் 'டிஸ்ஏபிள்டு' கவிதை, புறநானூற்றின் 278ஆம் பாட்டு. மூன்றையும் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். திரையில் காட்டினால் யாரும் அடிக்கோடு போட மாட்டார்கள்.

படி 2: பின்னணிக்கு ஐந்து நிமிடம்

நாடகம் மேடையேறியது கி.மு. 409இல். ஏதென்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பார்ட்டாவோடு போரில் இருந்த காலம். சோஃபோக்ளீஸுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது; முன்பு ஏதென்ஸின் தளபதிகளில் ஒருவராகவும் இருந்தவர். ஓவன் முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலேயர். போர்முனை அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டு, 1917இல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் இருந்தபோது இந்தக் கவிதையை எழுதினார். பிறகு போர்முனைக்குத் திரும்பி, 1918 நவம்பர் 4 அன்று 25 வயதில் கொல்லப்பட்டார். சரியாக ஒரு வாரத்தில் போர் நின்றது. இவ்வளவு போதும், மிச்சத்தைக் கேட்டால் சொல்லுங்கள்.

படி 3: வாய்விட்டு வாசிக்க வையுங்கள்

கதை இதுதான். ட்ராய் போருக்குப் போகும் வழியில் ஃபிலாக்டெட்டிஸைப் பாம்பு கடிக்கிறது. புண் அழுகி நாறுகிறது, அவன் அலறல் மற்றவர்களுக்குத் தொல்லை. லெம்னாஸ் தீவில் அவனைத் தனியே விட்டுவிட்டுக் கிரேக்கப் படை போய்விடுகிறது. பல வருடம் கழித்து, அவனிடமுள்ள ஹெராக்ளிஸின் வில் இல்லாமல் ட்ராய் விழாது என்று தெரியவருகிறது. அவனை ஏமாற்றி அதை வாங்கக் கிரேக்கத் தலைவன் ஒடிசியஸ் வருகிறான், கூடவே மாவீரன் அக்கிலிஸின் மகன், சின்னப் பையன் நியோப்டோலமஸ்.

இரண்டு மாணவர்கள் எழுந்து நின்று வாசிக்கட்டும். உடை, அரங்கம் எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் பிரையன் டோரிஸ் என்பவர் 2008 முதல் இதே நாடகத்தைப் போர் வீரர்கள் முன்னால் நடிகர்களைக் கொண்டு வாசிக்க வைக்கிறார். வாசிப்பு முடிந்ததும் பார்வையாளர்கள் பேசுவார்கள். அந்த உரையாடலுக்காகத்தான் வாசிப்பே. நீங்களும் வாசித்து முடித்த உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். கொஞ்ச நேரம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

படி 4: கேள்வியைக் கேளுங்கள்

ஒடிசியஸ் பையனிடம் சொல்வதன் சாரம் இது: பொய் சொல்வது உனக்குப் பிடிக்காது, தெரியும், இன்று ஒரு நாள் வெட்கத்தை விட்டுவிடு, அப்புறம் வாழ்நாள் முழுக்க நல்லவனாக இரு. பையன் முதலில் மறுக்கிறான். வெற்றியும் புகழும் கண்முன் காட்டப்பட்டதும் சம்மதிக்கிறான். வலி தாங்காமல் ஃபிலாக்டெட்டிஸ் நம்பி ஒப்படைக்கும் வில் அவன் கைக்கு வருகிறது. அதன் பிறகுதான் மனது உறுத்துகிறது, திருப்பிக் கொடுக்கிறான்.

இங்கே நிறுத்தி, ஒடிசியஸ் பேசிய வரிகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'இதை இன்று யார், யாரிடம், எங்கே சொல்வார்கள்?' என்று கேளுங்கள். உதாரணத்தை நீங்கள் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எல்லாரும் அதையே கொஞ்சம் மாற்றி எழுதுவார்கள். விட்டுவிட்டால் ராகிங், தேர்வில் காப்பி அடிப்பது, முதல் வேலையில் மேலாளர் கையெழுத்துப் போடச் சொல்லும் பொய்க் கணக்கு என்று தாங்களே வருவார்கள்.

படி 5: கவிதையில் அதே குரலைத் தேடுங்கள்

'டிஸ்ஏபிள்டு' கவிதையில் கால்களை இழந்த இளைஞன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இருட்டுவதற்குக் காத்திருக்கிறான். அவன் ஏன் பட்டாளத்தில் சேர்ந்தான் என்பதற்கான காரணங்களைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். கால்பந்தாட்டம் முடிந்து குடித்திருந்த நேரம். ஸ்காட்லாந்துப் பாவாடைச் சீருடையில் தெய்வம் மாதிரி இருப்பாய் என்று யாரோ சொன்னது. காதலியை மகிழ்விக்கும் ஆசை. வயதைக் கூட்டிச் சொன்னான், அதிகாரிகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். ஜெர்மானியர்களைப் பற்றி அவன் பெரிதாக நினைக்கவில்லை என்று கவிதையே சொல்கிறது. பட்டியலில் எதிரி இல்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும் தருணத்துக்காக இந்தப் படிக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம்.

படி 6: புறநானூறு 278

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று பலர் கூறக் கேட்ட கிழவி, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, 'ஈன்ற ஞான்றினும் பெரிதுவந்தனளே' (பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்ந்தாள்) என்று முடிகிறது பாட்டு. வீரத்தாய் என்று சொல்லித்தான் நமக்கு இதை நடத்தினார்கள். இப்போது அதே கேள்வியைக் கேளுங்கள். அந்த 'பலர்' யார்? அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் அவள் எதற்காகக் களத்துக்குப் போயிருப்பாள்? 'இது கொடுமை' என்று ஒரு மாணவி சொன்னால் பாட்டைக் காப்பாற்ற அவசரப்படாதீர்கள். 'இல்லை, இது பெருமை' என்று இன்னொருவன் சொன்னால் அவனையும் மடக்காதீர்கள். இருவரும் பாட்டிலிருந்து சான்று காட்டினால் போதும்.

படி 7: எழுத வையுங்கள்

ஒரு பக்கம் போதும். மூன்று படைப்புகளில் ஒன்றிலிருந்து ஒரு வரி. அதே தொனியில் இன்று கேட்கும் ஒரு பேச்சு. இரண்டும் எங்கே பிரிகின்றன. கடைசிப் பகுதிக்குத்தான் மதிப்பெண்ணில் பாதி. ஒற்றுமையை யாரும் எழுதிவிடலாம், வேற்றுமைக்குத்தான் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஈழப் போரைப் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களிடம் 'உன் வீட்டுக் கதையைச் சொல்' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். சொந்த அனுபவத்துக்குப் பதிலாகச் செய்தியிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ உதாரணம் எடுக்கலாம் என்று முதல் நாளே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். எழுதியதை வகுப்பில் வாசிப்பதும் விருப்பமுள்ளவர்கள் மட்டும்தான்.