கொம்பனா, பூமனா? பெரிய ஆந்தைகளை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு ஆந்தை மொட்டைமாடிச் சுவரில் வந்து உட்கார்ந்தால் போதும், விடிவதற்குள் அதன் படம் வாட்ஸ்அப்பில் தெரு முழுக்கச் சுற்றிவிடும். வெளிறிய இதய வடிவ முகம், கருப்புக் கண் என்றால் அது கூகை. சிறகை விரிக்கும்போது பெரிதாகத் தெரிந்தாலும் நீளம் சுமார் 35 செ.மீ.தான்.

உண்மையிலேயே பெரியவை கொம்பன் ஆந்தையும் பூமன் ஆந்தையும். நெருங்கிய உறவினங்கள். இரண்டும் அரை மீட்டருக்கு முன்பின் நீளம், இரண்டுக்கும் பழுப்பு உடம்பில் கருங்கீற்றுகள். அதனால் அளவையும் நிறத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த தவறு, தலையில் கொம்பு தெரிந்தாலே கொம்பன் என்று சொல்லிவிடுவது. பூமனுக்கும் அது உண்டு. உண்மையில் அது கொம்பும் இல்லை, காதும் இல்லை. வெறும் இறகுக் கொத்துதான். கொம்பனுக்கு நிமிர்ந்தும், பூமனுக்குக் கலைந்து பக்கவாட்டில் சாய்ந்தும் இருக்கும். ஆனால் பறவை நினைத்தால் அதை ஏற்றும், இறக்கும். ஒரே படத்தை வைத்து இதை நம்ப முடியாது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது கால்களை. கொம்பனுக்கு விரல் தொடங்கும் இடம் வரை மெத்தென்று இறகு மூடியிருக்கும். பூமனுக்கு வெறுங்கால். அது தண்ணீரில் காலை விட்டு மீனும் நண்டும் பிடிக்கிற பறவை. காலில் இறகு இருந்தால் நனைந்து கனக்கும். காசிமேட்டில் உயிர்மீனைக் கையில் பிடித்தவர்களுக்கு அது எப்படி வழுக்கும் என்று தெரியும். அந்த வழுக்கலைச் சமாளிக்கத்தான் பூமனின் பாதத்தின் அடியில் முள்முள்ளாகச் செதில்கள் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ஆந்தை என்றாலே சத்தமில்லாமல் பறக்கும் என்று நினைக்கிறோம். பூமன் பறந்தால் சிறகுச் சத்தம் கேட்கும். சத்தத்தை அடக்கும் மெல்லிய இழைகள் அதன் இறகோரத்தில் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனிடம் சத்தத்தை மறைக்க வேண்டிய தேவையும் இல்லையே.

கால் தெரியாவிட்டால் கண். கொம்பனுக்கு ஆரஞ்சு, பூமனுக்கு மஞ்சள். தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் பகல் வெளிச்சத்துப் படத்தை மட்டும் நம்புங்கள். கொம்பனின் முகத்தைச் சுற்றிக் கருங்கோடு தெளிவாக இருக்கும். பூமனுக்கு அப்படி இருக்காது.

புழல் ஏரிப் பக்கம் பார்த்தோம், அதனால் பூமன்தான் என்பதும் சரியில்லை. வயல் எலியைத் தேடிக் கொம்பனும் ஏரிக்கரைக்கு வரும்.

கொம்பனைப் பார்க்க வடசென்னையிலிருந்து நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அங்குள்ள பழைய கல்குவாரி இந்த ஆந்தைக்குப் பேர்போனது. இது கூடு கட்டாது. பாறை விளிம்பில், வெறும் மண்ணில் முட்டையிடும். பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் முட்டையும் குஞ்சும். அப்போது ஃப்ளாஷ் அடிப்பதும், போனில் ஆந்தைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் கொடுமை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

படத்தோடு இடத்தையும் போடாதீர்கள். மாந்திரீகத்துக்காக ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அடிபட்ட ஆந்தை கிடைத்தாலும் வீட்டில் வைத்து வளர்க்காமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.