ஜப்பானில் வார இறுதி: பரிமாற்ற மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிமாற்ற மாணவர்களாக ஜப்பான் போகிறவர்களின் வார இறுதித் தவறுகளில் பாதி, தங்களைச் சுற்றுலாப் பயணிகளாக நினைத்துக்கொள்வதில் தொடங்குகிறது. ஜப்பான் ரயில் நிறுவனங்களின் ஜே.ஆர். பாஸ் வாங்கி நாடு முழுக்க ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் சுற்றலாம் என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தப் பாஸ் குறுகியகாலப் பார்வையாளர் அனுமதியில் நுழைந்த வெளிநாட்டினருக்கானது. மாணவர் விசாவில் வந்து குடியிருப்பு அட்டை வாங்கியவருக்குக் கிடைக்காது. அந்த அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சனிக்கிழமைதானே என்று அறையில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

பாஸ் இல்லை என்றதும் சீனியர்கள் சொல்வது செய்ஷுன் 18 டிக்கெட். பெயரில்தான் 18, வயது வரம்பு எதுவும் இல்லை. விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள், ஜே.ஆரின் சாதாரண ரயில்களில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் சீனியர் சொல்லும் கணக்கு பழசு. முன்பெல்லாம் 5 நாட்களை இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம், நண்பர்களோடு பங்கும் போடலாம். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ந்து 3 அல்லது 5 நாட்கள், ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஆள். வகுப்பில்லாத வெள்ளியோ திங்களோ கையில் இருந்தால் இப்போதும் லாபம்தான். வெறும் சனி, ஞாயிறுக்கு வாங்கினால் ஒரு நாள் வீண்.

இன்னொரு வில்லங்கம், முன்பணம் போட்டு ரயில் கதவில் தட்டும் சுய்கா அட்டையில் இருக்கிறது. ஜப்பான் முழுக்க ஏறத்தாழ எல்லாப் பெருநகரங்களிலும் அது செல்லும். ஆனால் அட்டை செல்லும் ஒரு பகுதிக்குள் ஏறி இன்னொரு பகுதிக்குள் இறங்கக் கூடாது. டோக்கியோவில் அட்டையைத் தட்டி ஏறி, எல்லையில் இருக்கும் அதாமியைத் தாண்டி ஷிசுவோக்காவில் இறங்கினால் கதவு திறக்காது. பணியாளரிடம் விளக்கிச் சொல்லி, பணம் கட்டி வெளியே வரவேண்டும். நீண்ட தூரம் என்றால் காகித டிக்கெட்டே நிம்மதி. ஒரு வழிப் பயணம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் அடிப்படைக் கட்டணத்தில் மாணவர்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதற்குப் பல்கலைக்கழகச் சான்றிதழ் வேண்டும். சில இடங்களில் பரிமாற்ற மாணவர்களுக்கு அதைத் தருவதில்லை, முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கியோட்டோவை சனிக்கிழமை பார்க்கப் போவதும் தவறுதான் என்பேன். வார நாளில் ஒரு வகுப்பில்லாத காலை கிடைக்காமலா போகும்? கூட்டம் இல்லாத கோயிலும் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்த கோயிலும் ஒன்றல்ல. ஆனால் திங்கட்கிழமை அருங்காட்சியகங்களை நம்பிப் போகாதீர்கள், பெரும்பாலானவை மூடியிருக்கும். அந்தத் திங்கள் அரசு விடுமுறை என்றால் திறந்துவைத்து, செவ்வாயன்று மூடுவார்கள். டோக்கியோ பக்கம் மிதகாவிலுள்ள, ஜிப்லி அனிமேஷன் படங்களுக்கான அருங்காட்சியகத்தில் வாசலில் டிக்கெட்டே கிடையாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி காலை 10 மணிக்கு அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்கும், வார இறுதி டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கியோட்டோவில் கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் நுழையாதீர்கள். 2024இலிருந்து தடை, 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஃபூஜி மலைக்கு வெள்ளி மாலை பஸ் பிடித்து, இரவெல்லாம் தூங்காமல் ஏறி, சூரியோதயம் பார்த்துவிட்டு வருவது ஒரு காலத்தில் மாணவர்களின் வழக்கம். ஆபத்தான வழக்கமும்கூட. 2025 கோடையில் எல்லாப் பாதைகளுக்கும் 4,000 யென் கட்டணம் வந்தது. மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களைப் பிற்பகல் 2 மணி முதல் அதிகாலை 3 மணி வரை ஏற விடுவதில்லை. ஏறுகிற காலமே ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான்.

குளியலுக்கு வருவோம். ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலோ, தெருமுனைச் செந்தோ என்ற பொதுக் குளியலறையோ, உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரையெல்லாம் போன பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது, உள்ளாடையும் கூடாது. கூச்சம் முதல் தடவை இருக்கும், அப்புறம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்துவிடும். யாராவது ஒரு குடும்பம் வீட்டுக்கு அழைத்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். விருந்தாளியை முதலில் குளிக்கச் சொல்வார்கள். நீங்கள் வெளியே வந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டீர்கள் என்றால் போச்சு, வீட்டில் மற்ற அத்தனை பேருக்கும் அதே வெந்நீர்தான். மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.

சைவர்கள் அந்த அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும், சாப்பாட்டு மேசையில் அல்ல. மீன் இல்லை என்று அவர்கள் நம்பிச் செய்த மிசோ சூப்பிலும் நம் மாசிக்கருவாட்டைப் போன்ற கட்சுவோபுஷியின் சாறு இருக்கும். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் வரவில்லை என்று செய்தி அனுப்புவது அதைவிட மோசம்.

கலை நிகழ்ச்சிகளுக்குப் பணம் நிறைய வேண்டும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் பலர். டோக்கியோவின் கின்சாவில் இருக்கும் கபுகி நாடக அரங்கான கபுகிஸாவின் நான்காம் மாடியில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் மலிவாக டிக்கெட் வாங்கலாம். டோக்கியோவில் சுமோ போட்டிகள் ஜனவரி, மே, செப்டம்பரில் 15 நாட்கள் நடக்கும். மாலையில் போய்ப் பெரிய வீரர்களை மட்டும் பார்த்துவிட்டு வராமல், காலையிலேயே போனால் இளம் வீரர்களின் ஆட்டத்தையும் அதே டிக்கெட்டில் பார்க்கலாம்.

திருவிழாவுக்கு மட்டும் பெரிய பெயர்களைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் தங்குமிடத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே கோடையிலோ இலையுதிர் காலத்திலோ ஒரு சின்ன விழா இருக்கும். மிகோஷி என்ற சாமி பல்லக்கைத் தூக்க ஆள் போதாமல் பல தெருச் சங்கங்கள் திண்டாடுகின்றன. முன்கூட்டியே கேட்டால் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், விழாவுக்குப் போடும் ஹப்பி சட்டையையும் அவர்களே தருவது உண்டு. தோளில் வைக்க ஒரு துண்டை மடித்து எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் வகுப்பில் பை மாட்ட முடியாது.