கடற்கரைக்குப் போகும்போது காரைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், கடலூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் பக்கத்துத் தெருக்களில் காரை நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் காலாற நடந்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கண்ணாடியை உடைத்துப் பையை எடுக்க ஒருவனுக்கு அரை நிமிடம்கூடத் தேவையில்லை. பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் கூர்மையான முனை ஒன்று அழுத்தமாகப் பட்டாலே அது முழுவதும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

ஆகவே, வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணில் எதுவும் படாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. பின் இருக்கையில் கிடக்கும் மடிக்கணினிப் பை காலியானது என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. தொங்கும் சார்ஜர் வயரும், செல்போன் தாங்கி முன்கண்ணாடியில் பதித்துவிட்டுப் போன வட்டத் தடமும்கூட உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடும். பைகளை டிக்கியில் வைப்பதானால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வையுங்கள். நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து அடுக்குவது, பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுப்பதாகும்.

என் தந்தை காரைப் பூட்டிய பிறகும் நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்ப்பார். சாவிப் பொத்தானிலிருந்து போகும் சிக்னலைக் கருவி கொண்டு தடுத்து, கார் பூட்டாமலே நிற்கும்படி செய்ய முடியும் என்பதை அறிந்த பிறகு நானும் அதையே செய்கிறேன். விளக்கு மின்னியதா, கைப்பிடி இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் நகராதீர்கள்.

வங்கியில் பணம் எடுத்துவரும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஆயில் ஒழுகுது சார்’ என்றோ, ‘உங்க பணம் கீழே விழுந்து கிடக்கு’ என்றோ ஒருவர் சொன்னவுடன் நீங்கள் இறங்கிக் குனியும் நேரத்தில், மறுபக்கக் கதவு வழியாக மற்றொருவன் பையை எடுத்துவிடுவான். இது பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது. இறங்கத்தான் வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, பையைத் தோளில் மாட்டி, கதவுகளைப் பூட்டிவிட்டு இறங்குங்கள். டீக்கடை வாசலில் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு இறங்குவதையும் விட்டுவிடுங்கள். சாவியின் சிப்பை அறிந்தால் மட்டுமே வண்டியைக் கிளப்ப விடும் இம்மொபிலைசர், ஏற்கெனவே ஓடும் இன்ஜினைக் காக்காது.

பொத்தானை அழுத்தினாலே கிளம்பும் கார் என்றால், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலைக் கருவி மூலம் வாசலுக்குக் கடத்திக் கதவைத் திறக்க முடியும். சாவியை மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள். டப்பாவோடு காரின் அருகே சென்று, கதவு திறக்கிறதா என்று சோதித்தும் பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங் பூட்டு, கியர் பூட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஜிபிஎஸ் கருவி ஆகியவை கூடுதல் காவல்.

இவ்வளவுக்கும் மீறிக் கார் திருட்டுப் போனால் உடனே 112ஐ அழையுங்கள். புதுச்சேரியில் தொலைந்ததைக் கடலூரில் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் நிறுவனம் பொதுவாக இரண்டு சாவிகளையும் கேட்கும் என்பதால், மாற்றுச் சாவியைக் காருக்குள் வைக்காமல் வீட்டுப் பீரோவிலேயே வைத்திருங்கள்.