போட் மெயில் விருந்து: ஊர் அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட ஒரு ராத்திரிச் சாப்பாடு

ரயில் வரலாற்றை வைத்து ஒரு விருந்து போட்டு ஊர் அருங்காட்சியகத்துக்குப் பணம் சேர்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? முதலில் ஒரே ஒரு பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இந்திய ரயில்வே' என்று பொதுவாக வைத்தால் 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி, ஊட்டி மலை ரயில், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை எல்லாம் ஒரே பேனரில் வந்து நெருக்கும், சாப்பிட்டுப் போகிறவர் மனசில் எதுவும் தங்காது.

நாங்கள் ராமநாதபுரம் பக்கம், அதனால் போட் மெயிலை எடுத்தோம். அந்தக் காலத்தில் எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் இன்னொரு ரயிலில் கொழும்பு போய்விடலாம். அதற்கு முன்பு தூத்துக்குடி வரை ரயிலில் போய் அங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபிறகுதான் கடல் பயணம் இவ்வளவு சுருங்கியது. விருந்துக்கும் அந்தத் தேதியையே வைத்தோம், பிப்ரவரியில் எங்கள் பக்கம் மழையும் இருக்காது, புழுக்கமும் தொடங்கியிருக்காது. டிசம்பர் 22 வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். 1964இல் அன்றிரவு அடித்த புயலில்தான் தனுஷ்கோடி போன வண்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அந்தத் தேதியில் இலை போட்டு விருந்து வைப்பது முறையில்லை.

பாதை முடிவானால் மெனு தானாக வந்துவிடும். பதார்த்தம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன். எழும்பூருக்கு அந்தக் காலத்து ரயில்வே ரெஃப்ரெஷ்மெண்ட் அறைகளை நினைவுபடுத்த ஒரு கட்லெட், கூடவே தேங்காய்ப்பாலும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, காரம் குறைத்துச் செய்யும் ரயில்வே மட்டன் குழம்பு. அந்த வினிகர் ருசிக்கு மட்டுமல்ல, குழம்பு சீக்கிரம் கெடாமல் இருக்கவும்தான். கும்பகோணத்துக்கு இட்லியும் கடப்பா என்கிற பருப்புக் குருமாவும், தஞ்சாவூர் வந்ததும் அசோகா அல்வா. மானாமதுரைக்குச் சாப்பாடு எதுவும் வேண்டாம், அந்த ஊர் மண்பானையில் தண்ணீர் வைத்தால் போதும். ராமநாதபுரத்துக்கு முண்டு மிளகாய் அரைத்த மீன் குழம்பு. அக்கரை போனதும் இடியாப்பம், சொதி, சம்பல்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்லெட்டோடும் வெள்ளிக் கரண்டியோடும் நிறுத்திவிட்டால் அது முதல் வகுப்புக்காரர்களின் வரலாறு மட்டும்தான். அந்தப் பாதையில் போனவர்களில் பெருங்கூட்டம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள். மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து, அதன் பிறகுதான் கடல் தாண்ட விட்டார்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்வது என்று 1964இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதே தலைமன்னார் வழியாக அதே மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அதனால் தோட்டத்து ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பால் இல்லாத தேத்தண்ணி, இந்த மூன்றும் கட்டாயம் பந்தியில் இருக்கட்டும். சமையல்காரரிடம் மெனுவை எழுதிக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கு முதல் வருஷம் அவர் ரொட்டியை விட்டுவிட்டு அவருக்குப் பழக்கமான கல்யாண மெனுவில் இருந்து பரோட்டாவைப் போட்டுவிட்டார். ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ருசி பார்த்து, ஏன் இந்த ரொட்டி என்று கதையையும் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த சமையல்காரர் அக்கறையாகச் செய்வார்.

அதே காரணத்துக்காக முதல் வகுப்பு டிக்கெட், மூன்றாம் வகுப்பு டிக்கெட் என்று விலை பிரித்து விற்காதீர்கள். ஐடியா கேட்க நன்றாக இருக்கும், பணமும் கூட வரும். ஆனால் ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனியாக இடம் ஒதுக்கியிருந்ததும், சுயமரியாதைக்காரர்கள் போராடி 1941இல் அது ஒழிந்ததும் இதே வரலாறுதான். அந்தச் செய்தியைச் சுவரில் எழுதி வையுங்கள், கீழே எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். அதிகம் கொடுக்க நினைப்பவர்களுக்கு வேறு வழி வைக்கலாம்: கடைசிப் பெட்டியில் வரும் ரயில் கார்டு பிடித்த பழைய விளக்கு ஒன்றைச் சுத்தம் செய்யும் செலவு, ஒரு கட்டுப் புகைப்படங்களை ஸ்கேன் செய்யும் செலவு என்று தொகை போட்டு எழுதி வையுங்கள். பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்தால் கை தாராளமாக வரும்.

டிக்கெட்டைப் பழைய அட்டை டிக்கெட் மாதிரியே அடியுங்கள். எட்மன்சன் டிக்கெட் என்பார்கள், 57 மில்லிமீட்டருக்கு 30.5 மில்லிமீட்டர். சின்ன அச்சகத்திலேயே தடித்த அட்டையில் அடித்துத் தருவார்கள். ஓரத்தில் தேதியை மை இல்லாமல் அழுத்தமாகப் பதிய வையுங்கள், விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட வேண்டும். வாசலில் ஒருவர் நின்று அதைக் கிளிப்பரால் 'டக்' என்று வெட்டித் தரட்டும். எழுபது வயதுக்காரர் ஒருவர் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். பந்திக்குக் கூப்பிட மைக் வேண்டாம், ஒரு தண்டவாளத் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு இரும்பால் தட்டுங்கள், சின்ன ஸ்டேஷன்களில் முன்பு அதுதான் மணி. எதிரெதிர் இலை வரிசைகளுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டுவிடுங்கள். மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் அதுதான், பரிமாறுகிறவர்கள் அதற்குள் நடந்து வருவார்கள். இது என்ன கோடு என்று குழந்தைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. தண்டவாளத் துண்டு, டோக்கன் பந்து (ஒற்றைப் பாதையில் வண்டி போக அனுமதியாக டிரைவரிடம் கொடுத்த உலோகப் பந்து), விளக்கு எதையும் பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் வாங்காதீர்கள். எப்படி வந்தது என்று கணக்குக் காட்ட முடியாமல் ரயில்வே சொத்தை வைத்திருப்பது 1966ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஏலம் விடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தனுஷ்கோடி இடிபாட்டிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வரவும் கூடாது.

சாப்பாடு முற்றத்தில்தான், காட்சிக்கூடத்துக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்கூடப் போகக் கூடாது. எண்ணெய்க் கை பட்ட காகிதத்தைத் திரும்பச் சுத்தம் செய்ய முடியாது, சிந்திய சோற்றுக்குக் கரப்பான் வரும், அது அப்புறம் புத்தக அட்டைக்குப் போகும். அருங்காட்சியகத்துக்காகச் சாப்பிட வந்து அருங்காட்சியகத்தையே கெடுத்துவிடக் கூடாது. கை கழுவிய பிறகு பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுப்புங்கள்.

பேச்சாளர், பொன்னாடை, மாலை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அந்தக் காசில் ஓய்வுபெற்ற, தண்டவாளம் பராமரித்த கேங்மேன், வண்டிக்குப் பாதை மாற்றிவிட்ட பாயிண்ட்ஸ்மேன், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஒரு எட்டுப் பேரை டிக்கெட் இல்லாமல் அழைத்து, வரிசைக்கு ஒருவராக உட்கார வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்க, அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவார். மேடையில் ஏற்றினால் வாய் திறக்காதவர் இலை முன்னால் மணிக்கணக்கில் பேசுவார். அனுமதி கேட்டுச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கணக்கு எளிதுதான். ஒரு இலைக்கு 350 ரூபாய் ஆகிறது, டிக்கெட் 1000 ரூபாய், 120 பேர் என்றால் சாப்பாட்டுச் செலவு போக 78,000 நிற்கும். பந்தல், நாற்காலி, அச்சு எல்லாம் இதிலிருந்துதான், அதனால் அவற்றை யாராவது உபயமாகத் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்பார்கள்) அறக்கட்டளைக்கு இருந்தால் சாப்பாட்டுக்கான தொகைக்கும் நன்கொடைக்கும் தனித்தனி ரசீது போடுங்கள், வரிச்சலுகை நன்கொடைக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, வங்கி வழியாக வாங்குங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் பணம் அனுப்புகிறேன் என்றால், வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அனுமதி இல்லாமல் வாங்கவே கூடாது.

மீன் குழம்பு முடிந்து இடியாப்பம் வருவதற்கு முன்னால் தனுஷ்கோடி. அங்கே பரிமாறுவதை நிறுத்துங்கள். விளக்கைக் குறைத்து, ஒரே ஒரு சிவப்பு விளக்கை மட்டும் வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருவர் நாலு வாக்கியத்தில் சொன்னால் போதும். ஸ்பீக்கரில் புயல் சத்தம் போடாதீர்கள். அதில் சொந்தக்காரரை இழந்த குடும்பம் அதே பந்தியில் இருக்கலாம். ஒரு நிமிஷம் கழித்துப் பச்சை விளக்கு, பிறகு அக்கரைச் சாப்பாடு.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், விவரம் எழுதிக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பழைய படம், கடிதம், டிக்கெட் எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லி அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள், அங்கேயே படியெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்களிடம் ஒரு அம்மா, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைச் சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதில் அவர்கள் பெயருக்கு நேரே வயது 6 என்று இருந்தது. நன்கொடைப் பெட்டியை அந்த நேரத்துக்கு முன்பே பூட்டி எடுத்து வைத்துவிட்டோம், ஸ்கேனர் மட்டும் ராத்திரி பதினொன்றரை வரை ஓடியது.