மாகாளிக்கிழங்கை மீட்கத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லேசுவரம் எட்டாவது கிராஸிலோ காந்தி பஜாரிலோ மண் ஒட்டிய மாகாளிக்கிழங்கு விற்பனைக்கு வந்தால், பெங்களூர்த் தமிழ் வீடுகளில் ஊறுகாய் ஜாடி தயாராகிவிடும். அந்தக் கிழங்கில் பெரும்பகுதி தோட்டத்தில் விளைந்ததல்ல, காட்டில் தோண்டியது. டெக்காலெபிஸ் ஹாமில்டோனி என்ற இந்தக் கொடி தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளிலும் வறண்ட காடுகளிலும் மட்டுமே வளர்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. பெங்களூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் இதை மீண்டும் பெருக்க வேண்டும் என்ற ஆர்வம் கல்லூரிகளிலும் தன்னார்வக் குழுக்களிலும் இருக்கிறது. மிகவும் தேவையான ஆர்வம்தான். ஆனால் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் முதல் நாற்று மண்ணைத் தொடுவதற்கு முன்பே, காகிதத்திலேயே தவறிவிடுகின்றன.

நாற்றுகளின் எண்ணிக்கையை இலக்காக வைப்பது

"இந்த மழைக்கு 5,000 நாற்று நடுவோம்" என்பது இலக்கல்ல, செலவுக் கணக்கு. இலக்கை இப்படி எழுத வேண்டும்: பத்து ஆண்டுகளில் இந்தக் குன்றில் காய்க்கும் கொடிகள் 200 இருக்க வேண்டும், அவற்றின் விதை விழுந்து தானாக முளைத்த கன்றுகளும் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நட்டதில் 30 சதவீதம்தான் காய்க்கும் பருவம் வரை தங்கும் என்று வைத்துக்கொண்டால், 200 கொடிக்கு ஏறக்குறைய 670 நாற்று நட வேண்டும். நாற்றங்காலில் 30 சதவீதம் இழப்பு என்றால் சுமார் 950 முளைகள் வேண்டும். விதையில் பாதிதான் முளைக்கும் என்றால் 1,900 விதைகள் தேவை. இந்த விகிதங்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் இடத்துக்கான விகிதங்களை முதல் ஆண்டில் ஒரு சிறு சோதனை நடவில் கண்டுபிடித்து, பிறகு பெரிய எண்ணுக்குப் போக வேண்டும்.

கொடி குறைந்ததற்கான காரணத்தைத் தொடாமல் நடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மாகாளி குறைந்ததற்கு முதன்மைக் காரணம் வேரைத் தோண்டுவது. வேர் முழுவதையும் எடுத்தால் செடியே போய்விடும். பெரும்பாலும் நன்கு பருத்த வேருள்ள, அதாவது காய்த்து விதை தரக்கூடிய வயதுக் கொடிகளே தோண்டப்படுகின்றன. நன்னாரி சர்பத்துக்கும் நன்னாரிக்குப் பதிலாக இதே வேர் போகிறது. நன்னாரி வேர் மெல்லியது, கிலோ கணக்கில் சேர்க்கக் கடினம். மாகாளி வேர் தடித்தது, மணமும் தூக்கலானது. தேவை இப்படி இருக்கையில் காவலில்லாத குன்றில் நாற்று நடுவது, சில ஆண்டு கழித்துத் தோண்டுபவருக்காக நட்டதாகவே முடியும்.

ஆகவே திட்டத்தின் முதல் பக்கத்தில் யார் தோண்டுகிறார்கள், எந்த மாதங்களில், யாரிடம் விற்கிறார்கள், கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பவை இருக்க வேண்டும். தோண்டுபவர்களைக் குற்றவாளிகளாக எழுதித் தொடங்கும் திட்டம் நிலைக்காது. எந்தப் பாறை இடுக்கில் எத்தனை கொடி இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலை போன்ற இடங்களில் அங்கு வாழும் பழங்குடியினரான சோலிகர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக உரிமைகள் உண்டு, அங்கே கிராம சபையைத் தாண்டி எதையும் தொடங்கக் கூடாது. தாய் வேரையும் தண்டின் அடியையும் விட்டுவிட்டுப் பக்க வேர்களில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து மண் மூடுவது, ஓர் ஆண்டு எடுத்த கொடியைச் சில ஆண்டுகள் தொடாமல் விடுவது போன்ற விதிகள் அவர்களே ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

இன்னொரு வழி பண்ணை வேலியோரங்களில் பயிரிடுவது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எந்தப் பண்ணை, எத்தனை கொடி, எப்போது நட்டது என்ற பதிவு இல்லையென்றால், காட்டு வேரும் பண்ணை வேராகச் சந்தைக்கு வந்துவிடும்.

கோடையில் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதுவது

இந்தக் கொடி வறட்சியில் இலை உதிர்த்துவிடும். மார்ச்சில் குன்றேறித் தேடினால் கண்ணில் படாது. கணக்கெடுப்பை மழை பிடித்து இலை விரிந்த பிறகு, ஜூன் முதல் அக்டோபருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொடிகளை மொத்தமாக எண்ணினால் போதாது. கன்று, காய்க்காத இளங்கொடி, காய்த்த கொடி என்று மூன்றாகப் பிரியுங்கள். காய்த்த கொடிகள் இருந்தும் கன்றே இல்லையென்றால் சிக்கல் விதை முளைப்பதிலோ மேய்ச்சலிலோ தீயிலோ இருக்கலாம். கன்றுகள் நிறைய இருந்து பெரிய கொடி இல்லையென்றால் முதலில் தோண்டலைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. தேடியும் கிடைக்காத இடங்களையும் தேதியோடு பதியுங்கள்.

அடையாளம் காண வேரைத் தோண்டி முகர்ந்து பார்ப்பது மோசமான பழக்கம். எதிரெதிராக அமைந்த, தடித்த, அகன்ற இலை, ஒடித்தால் வரும் பால், இரட்டையாகத் தொங்கும் காய் ஆகியவற்றைப் படமெடுத்துத் தாவரவியலாளரிடம் காட்டினால் போதும்.

விதை எடுப்பதில் அவசரம்

எருக்கங்காய் போலவே இதன் காயும் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடும். வெடித்த பின் போனால் ஒன்றும் மிஞ்சாது, பச்சையாகப் பறித்தால் விதை முற்றியிருக்காது. காய் நிறம் மாறத் தொடங்கும்போதே மெல்லிய பருத்தித் துணிப்பையைக் கட்டிவிட்டு, வெடித்ததும் எடுப்பது பாதுகாப்பான வழி. பாலித்தீன் பை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு கொடியிலிருந்தே எல்லா விதையையும் எடுப்பது எளிது, அதனால்தான் பலரும் அப்படிச் செய்கிறார்கள். அப்படி வரும் நாற்றெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். ஒரு நோயோ வறட்சியோ வந்தால் எல்லாம் சேர்ந்தே போகும். முடிந்தால் 50 தாய்ச்செடிகளிலிருந்து எடுங்கள், அவ்வளவு இல்லையென்றால் உள்ள எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக. அழியும் நிலையில் உள்ள இனத்தில் ஓர் ஆண்டின் விதையில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்காதிருப்பது நல்ல விதி. மேலே சொன்ன 1,900 விதைக்கு இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள்: குன்றில் அந்த ஆண்டு 19,000 முற்றிய விதையாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் விதை சேகரிப்பை மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும், நிதி தருபவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு தாயின் விதைக்கும் தனி உறை, தனி எண். அந்த எண் நாற்றுப் பை வரை, நட்ட குழி வரை போக வேண்டும். விதையை வீட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காமல் உடனே விதையுங்கள். ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் பெருக்கும் முறைகள் உண்டு, பண்ணைப் பயிருக்கு அவை உதவும். ஒரே செடியின் நகல்களைக் காட்டில் நிரப்புவதற்கு அவை அல்ல. தொலைதூரக் குன்றின் விதையையும் காரணமில்லாமல் கலக்க வேண்டாம். அருகிலுள்ள, மண்ணும் மழையும் ஒத்த குன்றின் விதையே முதல் தேர்வு.

நாற்றங்கால்

வேரே உயிரான செடியைச் சின்னப் பையில் வளர்ப்பது தவறு. வேர் அடியில் சுருண்டுவிட்டால் பாறை இடுக்கில் இறங்காது. குறைந்தது 30 செ.மீ. ஆழமுள்ள பையோ, வேரைச் சுருளாமல் நேராக இறக்கும் வேர்ப்பயிற்சிக் குழலோ வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு எரு ஒரு பங்கு நல்ல தொடக்கம். தேங்காய் நார்த்துகளை அதிகம் சேர்த்தால் ஈரம் நின்று வேர் அழுகும். பைகளைத் தரையில் அடுக்காமல் சரளைமேல் வையுங்கள், மண்நோய் ஏறாது. நடுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து தண்ணீரையும் நிழலையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிழல்வலையில் கொழுகொழுவென்று வளர்ந்த நாற்று பாறையின் சூட்டில் கருகிவிடும்.

சமூகக் காடு போல நடுவது

வரிசை பிடித்து 45 செ.மீ. குழி வெட்டுவது மரக்கன்றுக்கான முறை. மாகாளிக்குப் பாறை இடுக்கில் மண் சேர்ந்த இடமும், ஏறிப் படரப் பக்கத்தில் ஒரு புதரும் வேண்டும். வெட்டவெளியில் நட்டால் காய்ந்துவிடும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் அதை ஒரே மூச்சில் வழித்தெடுத்தாலும் நிழலும் பிடிமானமும் ஒருங்கே போய்விடும். திட்டுத் திட்டாக, வேரின் மேற்பகுதியோடு மண்ணுக்குக் கீழே வெட்டி எடுத்து, அந்த இடத்தில் உள்ளூர்ப் புதர்கள் எழ விடுங்கள். வெறுமனே தரையோடு வெட்டினால் மறுபடி தழைக்கும்.

ஜூன் மழை இரண்டு மூன்று முறை நனைத்த பின் நடலாம். சுற்றுச்சூழல் நாளுக்காக ஜூன் 5-இல் காய்ந்த மண்ணில் நடுவது படத்துக்கு மட்டுமே உதவும். பிப்ரவரிக்குள் சுற்றிலும் காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடம் போடாவிட்டால் முதல் கோடையிலேயே இழப்பு பெரிதாக இருக்கும்.

காப்புக்காட்டில் விதை எடுக்கவும் நடவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கொடி இருக்கும் இடத்தின் துல்லியப் புள்ளியை வாட்ஸ்அப்பிலோ பொதுத் தளங்களிலோ பகிர வேண்டாம். படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒட்டியிருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

ஓராண்டு உயிர்வாழ்வை வெற்றி என்பது

ஒவ்வொரு நாற்றுக்கும் எண் பொறித்த அலுமினியத் தகட்டைப் பக்கத்துப் பாறையில் பதியுங்கள், தண்டில் கட்டினால் இறுகும். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரே வழியில் போய் உயிர், நீளம், பூ, காய், சுற்றிலும் புதுக் கன்று ஆகியவற்றைக் குறியுங்கள். நடாத ஒரு பகுதியையும் அதே முறையில் கணக்கெடுத்தால்தான் மாற்றம் உங்கள் வேலையால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று தெரியும். கண்காணிப்புக்கான பணத்தைப் பத்து ஆண்டுக்குத் தனியாக ஒதுக்குங்கள். மூன்றாம் ஆண்டில் உயிர்வாழ்வு எந்த எண்ணுக்குக் கீழே போனால் நடவை நிறுத்திக் காரணம் தேடுவது என்பதையும், அந்த முடிவை யார் எடுப்பது என்பதையும் முதல் நடவுக்கு முன்பே எழுதி வையுங்கள்.