காட்டுக்கு எடுத்துப்போகும் சிறு கத்தி: முதலில் பிடியைப் பாருங்கள்

மடக்காத சிறு கத்தி வாங்கும்போது பலரும் அலகின் நீளத்தைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கைப்பிடியை. ஈரக் கையோடு பத்து நிமிடம் ஒரு குச்சியைச் சீவிப் பாருங்கள். பிடி சரியில்லை என்றால் உள்ளங்கை சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

மோரா கம்பேனியன், இஸுலா என்ற இரண்டு மடக்காத கத்திகளை எடுத்துக்கொள்வோம். கம்பேனியனின் அலகு சுமார் 10 செ.மீ.; பிடி பருத்தது, வழுக்காது. மரம் சீவ இதைவிட இதமான கத்தி இந்த விலையில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அலகின் எஃகு பிடியின் கடைசிவரை ஓடுவதில்லை. அதனால் விறகில் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளக்கும் வேலையை அளவோடு செய்வது நல்லது. இஸுலா ஒரே எஃகுத் துண்டு, உடைவது அரிது. கழுத்தில் தொங்கவிடும் அளவுக்குச் சிறியது. பிடிதான் வெறும் தகடு. கயிறு சுற்றாவிட்டால் விரல் நோகும்.

கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். ஒருமுறை எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் உறையில் செருகினேன். காலையில் அலகெங்கும் பழுப்புப் புள்ளிகள். கடலோரம், மழைக்காலம் என்றால் துருப்பிடிக்காத எஃகே மேல்.

இன்னொன்று: அலகின் முதுகை விரல்நகத்தின்மேல் மெல்ல இழுங்கள். நகத்தூள் உதிர்ந்தால், தீ மூட்டப் பயன்படும் ஃபெரோ கம்பியை அந்த முதுகால் உரசும்போது பொறி பறக்கும். வழுக்கிக்கொண்டு போனால், முதுகின் ஓரத்தை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்கிக்கொள்ளலாம்.