கல்கரியிலிருந்து ஒன்ராறியோவுக்கு: பராமெடிக் வேலைக்காக மாகாணம் மாறுகிறவர்களுக்கு

அல்பேர்ட்டாவில் சில வருடம் அம்புலன்ஸில் ஓடிவிட்டு, அம்மா அப்பாவுக்கு வயது போகிறது, இனி ஸ்காபுரோ பக்கம் போய்ச் சேருவோம் என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்க வேலை கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் கிடைத்த வேலையில் முதல் குளிர்காலத்தை எப்படிக் கடப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை, அதனால் பட்ட பாட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களை வேலைக்கு எடுப்பது யார் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். அல்பேர்ட்டாவில் 2009இல் மாகாணம் அம்புலன்ஸ் சேவையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒன்ராறியோவில் அது இன்னும் உள்ளூராட்சி வேலை: ரொறன்ரோ, பீல், யோர்க், டர்ஹம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சேவை, தனி விண்ணப்பம், தனி ஒப்பந்தம். ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றதற்குத் தெரியாது. சீனியோரிட்டியும் அப்படித்தான், பீலில் சேர்த்த வருடங்கள் யோர்க்குக்குக் கூட வராது என்றால் கல்கரியில் சேர்த்தது எப்படி வரும்? பூச்சியத்தில்தான் தொடங்குவீர்கள்.

அடுத்தது தகுதிப் பத்திரம். அல்பேர்ட்டாவில் பராமெடிக்குகளுக்கு ஒரு கொலிஜ் (படிக்கிற கல்லூரி அல்ல, தொழிலை ஒழுங்குபடுத்தும் பதிவு அமைப்பு) இருக்கிறது, அதில் பதிந்தால்தான் வேலை. ஒன்ராறியோவில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. இங்கே சுகாதார அமைச்சு உங்கள் தகுதியை ஏற்கவேண்டும், அதற்குமேல் நீங்கள் சேருகிற சேவைக்குப் பொறுப்பான பேஸ் ஹொஸ்பிட்டல் மருந்து கொடுக்கவும் சிகிச்சை செய்யவும் அனுமதி தரவேண்டும் (ரொறன்ரோவுக்கு அது சன்னிபுரூக்). மாகாணங்களுக்கிடையிலான ஒப்பந்தப்படி நீங்கள் திரும்பவும் கல்லூரிக்குப் போகத் தேவையில்லை, ஆனால் அமைச்சு கேட்கும் படிவங்களும், நீங்கள் நல்ல நிலையில் பதிவில் இருக்கிறீர்கள் என்று உங்கள் கொலிஜ் தரும் கடிதமும் போகவேண்டும். இதை வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே தொடங்குங்கள். பேஸ் ஹொஸ்பிட்டல் அனுமதி வேலை கிடைத்த பிறகுதான் வரும், அதைப்பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். இன்னொரு விஷயம், அல்பேர்ட்டாவில் நீங்கள் தினமும் போட்ட ஐவி (நாளத்தில் ஊசி போட்டு மருந்தோ சேலைனோ ஏற்றுவது) ஒன்ராறியோவில் ஆரம்பநிலை பராமெடிக்குக்கு எல்லாச் சேவையிலும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நேர்முகத்தில் கேளுங்கள், கேட்பது தவறில்லை.

இனி என்னை அதிகம் அலைக்கழித்த விஷயம், சாரதி லைசன்ஸ். அல்பேர்ட்டாவில் 4ஆம் வகுப்பு வைத்திருப்பீர்கள், இங்கே அம்புலன்ஸ் ஓட்ட F வேண்டும், அதற்கு மருத்துவர் நிரப்பிய அறிக்கை வேண்டும், புது ஊரில் குடும்ப மருத்துவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. நான் வந்து இறங்கியபிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டேன், மருத்துவர் அறிக்கையில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்ததால் அது திரும்பி வந்தது, அந்தச் சேவையின் முதல் பயிற்சி வகுப்பு என்னை விட்டுப் போய்விட்டது, அடுத்த வகுப்புக்கு மூன்று மாதம் காத்திருந்தேன். ஆகவே, எந்தத் தேதிக்குள் F கையில் இருக்கவேண்டும், அதுவரை வேறு மாகாண லைசன்ஸை ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். சாதாரண லைசன்ஸை ஒன்ராறியோவில் குடியேறி 60 நாளுக்குள் மாற்றவேண்டும்.

பொலிஸ் சான்றிதழ்: பாதிக்கப்படக்கூடியவர்களோடு வேலை செய்வோருக்கான அந்தச் சோதனையை நீங்கள் குடியிருக்கிற ஊரின் பொலிஸ்தான் செய்யும், போகப்போகிற ஊர் அல்ல. இங்கே நம் ஆட்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னுக்கு, லைசன்ஸில் பின்னுக்கு, கல்லூரிச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள். தடுப்பூசிப் பதிவும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால் சின்ன வயசு அட்டை எங்கே என்று யாருக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனையில் அம்மை, மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கு எதிர்ப்பு இருப்பதைக் காட்டலாம். பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை வீங்கி 'பொசிட்டிவ்' என்று வரக்கூடும், பயப்படாதீர்கள், நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையைக் கையோடு வைத்திருங்கள்.

தீயணைப்புக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஒன்ராறியோவில் 2022 ஜூலை 1 முதல் சான்றிதழைக் கட்டாயமாக்கும் சட்டவிதி நடைமுறையில் இருக்கிறது. என்.எஃப்.பி.ஏ. 1001 (தீயணைப்பு வீரருக்கான தகுதித் தரநிலை) சான்றிதழில் ஐஃப்சாக் அல்லது புரோபோர்ட் என்ற அங்கீகார அமைப்புகளின் முத்திரை இருந்தால் மாகாணம் தாண்டியும் மதிப்பு உண்டு. வாகனத்துக்கு D வகுப்பும் ஏர் பிரேக்குக்கான Z உம் கேட்பார்கள். உடற்தகுதிப் பரிசோதனை முடிவுகள் காலாவதியாகும், அதனால் ஆட்சேர்ப்பு அறிவிப்பு வரும் காலத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

சரி, இனி பராமெடிக் ஆட்சேர்ப்பில் சேவைகள் வைக்கும் பரீட்சை. ஒன்ராறியோவின் அடிப்படை, மேம்பட்ட இரண்டு சிகிச்சைத் தரநிலைப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், எழுத்துப் பரீட்சையும் செயல்முறைக் காட்சிகளும் அதிலிருந்துதான். உங்கள் அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள். அல்பேர்ட்டா நெறிமுறை கைக்குள் ஊறிப்போயிருக்கும், அழுத்தமான நேரத்தில் அதுதான் வெளியே வரும். தமிழ் பேசுவீர்கள் என்பதை விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். ஸ்காபுரோவில் ஓர் அம்மம்மா "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லும்போது அதை அப்படியே விளங்கிக்கொள்கிற ஆள் பக்கத்தில் நிற்பது சிறிய விஷயம் அல்ல.

இப்போது வேலைக் கடிதம் வந்துவிட்டது என்று வையுங்கள். அதில் பெரும்பாலும் 'பார்ட் டைம்' என்று இருக்கும். முழுநேர வேலையை விட்டுவிட்டு இதற்கு வருகிறோம் என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ளவேண்டும். கோடையில் முழுநேரக்காரர்கள் விடுமுறை போகிறபோது ஷிப்டுக்குக் குறைவிருக்காது, கை நிறையப் பணம் வரும், "இதுக்கா பயந்தோம்" என்று தோன்றும். ஜனவரி, பெப்ரவரியில் தொலைபேசி சத்தமே போடாது. அதனால் கோடைச் சம்பளத்தை வைத்து வாடகை முடிவு செய்யாதீர்கள். என் கணக்கு இது: ஆறு மாத வாடகையும் கார்க் காப்புறுதியும் வங்கியில் இருக்கவேண்டும், இல்லையென்றால் முதல் வருடம் அம்மா வீட்டு பேஸ்மென்டில் இருங்கள், அதில் எந்த வெட்கமும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதம் எத்தனை நாள் கிடைக்கக்கூடியவராக இருக்கவேண்டும், கடைசியாக முழுநேரமானவர் எத்தனை மாதம் காத்திருந்தார். இரண்டாவது கேள்விக்கு தொழிற்சங்கக்காரர்தான் சரியான பதில் சொல்வார்.

காசு விஷயத்தில் இன்னும் சில. டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த மாகாண வரிதான் அந்த முழு வருட வருமானத்துக்கும். அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை, இங்கே 13 சதவீதம், பெரிய சாமான் ஏதும் வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள். புது வேலைக்கு 40 கிலோமீட்டராவது கிட்டப் போகிறீர்கள் என்றால் இடமாற்றச் செலவை வரியில் கழிக்கலாம், டி1-எம் படிவம், ஆனால் புது இடத்தில் உழைத்த வருமானத்துக்கு மேல் கழிக்க முடியாது, மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். பழைய ஓய்வூதியத்தை ஒன்ராறியோ உள்ளூராட்சி ஊழியர்களின் ஓமர்ஸுக்கு மாற்ற முடியுமா என்று இரண்டு பக்கமும் கேளுங்கள், காலக்கெடு போய்விட்டால் யாரும் இரங்கமாட்டார்கள். பழைய கார்க் காப்புறுதிக்காரரிடம் உங்கள் விபத்து வரலாற்றைக் கடிதமாக வாங்கி வாருங்கள்.

கடைசியாகப் பாதை. கல்கரியிலிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர், நிதானமாக ஓடினால் நான்கு நாள். வின்னிபெக் வரை நேர்ப்பாதை, கஷ்டமில்லை. தண்டர் பே தாண்டி சூ செயின்ட் மரி வரையான சுமார் 700 கிலோமீட்டர்தான் கவனம், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய, பெரும்பாலும் திசைக்கு ஒரு தடம் மட்டுமுள்ள பாதை, பனிப்புயல் என்றால் மூடிவிடுவார்கள், இருட்டினால் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும். அந்தத் துண்டைப் பகலில் மட்டும் ஓடுங்கள், பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், நடுவில் வாவாவில் ஒரு அறையை முன்கூட்டியே பதிந்து வையுங்கள். மூலப் பத்திரங்கள் எல்லாம் லொறியில் அல்ல, உங்கள் காரில் முன் இருக்கைக்குக் கீழே.